சோறு வடித்த பிறகு வந்த அழைப்பு

மருத்துவிச்சி வேலை பழகும் பிள்ளைகளே, போன கிழமை உங்களில் ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவள் பார்க்கும் ஒரு தாய்க்கு இது நாலாவது பிள்ளை. வீட்டிலேயே பெற விரும்புகிறாள். முதல் மூன்றும் ஒன்றைவிட ஒன்று நேரம் குறைந்து, கெதியாகப் பிறந்தனவாம். அப்படியானால் நாலாவது இன்னும் கெதியாகத்தானே பிறக்கும், அந்த வீட்டுக்கு என்ன நேரக்கணக்குச் சொல்லி வைக்கலாம் என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல், தேத்தண்ணீர் போடப் போகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன். கேட்டவள் குறை நினைத்திருப்பாள். எங்கள் மிஸிக்கு வயது போய்விட்டது, காது மந்தம் என்றும் நினைத்திருக்கலாம். காது நன்றாகத்தான் கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதென்றால் நான் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த வீட்டைப் பற்றி நின்ற நிலையில் என்னால் சொல்ல முடியாது. அதனால் இருந்து எழுதுகிறேன்.

பாதிப் பதில் உங்களுக்கே தெரியும். முதல் பிள்ளை வழி திறக்க நேரம் எடுக்கும். இரண்டாவது பிள்ளைக்கு அந்த வழி பழகியிருக்கும்; பெரும்பாலும் கெதியாக வரும். நான் பரந்தனுக்கு வந்த புதிதில் சந்தியில் ஒரு மாட்டுவண்டி நின்றது. வண்டிக்குள் ஒரு பெண் இரண்டாவது பிள்ளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். முதல் பிள்ளைக்கு ஒரு நாளும் ஒரு இரவும் வாசலில் காத்துக் கிடந்த புருஷன், இந்த முறையும் அவ்வளவு நேரம் இருக்கிறது என்று நினைத்து, மாட்டை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனார். அவர் ஆற்றிக் குடித்துவிட்டு வருவதற்குள் வண்டிக்குள் பிள்ளை அழுதது. வழியால் போன நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஏறி மிச்ச வேலையைப் பார்த்தேன். அந்த மனுஷன் கனகாலம் என்னைக் கண்டால் வேறு ஒழுங்கையால் திரும்பிப் போய்விடுவார்.

ஆனால் இரண்டாவதுக்குப் பிறகு என்ன நடக்கும் என்று ஒருவரும் உறுதி சொல்ல முடியாது. முல்லைத்தீவில் ஒரு புடைவைக்கடைக்கார முதலாளியின் மனைவி, ஐந்து பிள்ளைகளை நல்லபடியாகப் பெற்ற முஸ்லிம் பெண், ஆறாவதுக்கு முதல் பிள்ளையை விடக் கூடுதலான நேரம் கிடந்து கஷ்டப்பட்டார். பிள்ளை வயிற்றுக்குள் முகம் மேலே பார்த்துக் கிடந்தது. அன்று அந்த வீட்டில் என்னோடு இருந்தவர் என்னைப் பழக்கிய மூத்த மிஸி. எங்கள் பக்கத்துச் சனம் மருத்துவிச்சியையும் மிஸி என்றுதான் கூப்பிடும். திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் அவர் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

“முதலாவதுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவில ஒரு கணக்கிருக்கு பிள்ளை. அதுக்கங்கால கணக்கில்லை. ஆருக்கும் கணக்குச் சொல்லாதை. கூப்பிடச் சொல்லு.”

இதை நானும் போகிற வீடுகளில் எல்லாம் சொன்னேன். நான் சொல்ல வந்த வீடு பரமேஸ் என்ற பெண்ணின் வீடு; அங்கேயும் சொன்னேன்.

நான் பரந்தனுக்கு மாற்றலாகி வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். சந்தியிலிருந்து சற்று உள்ளே எனக்கு ஒரு சின்னக் குவாட்டர்ஸ். அங்கிருந்து முரசுமோட்டை வரைக்கும், அதற்கப்பால் வாய்க்கால் கரையோரக் குடியேற்றக் காணிகள் வரைக்கும் என் சைக்கிள் போகும். யாழ்ப்பாணப் பக்கமிருந்து வயற்காணி கிடைத்து வந்த சனம். ஊரில் பங்கு பிரித்துப் பிரித்து நிலம் போதாமல் போனவர்கள். இங்கே நிலம் நிறைய இருந்தது, மனிதர்தான் குறைவு. ஒரு வீட்டில் கத்தினால் அடுத்த வீட்டில் கேட்காது. தாய், சகோதரி என்று கைகொடுக்க ஒருவரும் பக்கத்தில் இல்லை. அதனால் முதல் பிள்ளையைத் தாய்வீட்டுக்குப் போய்ப் பெற்றுவிட்டு, மற்றப் பிள்ளைகளை எல்லாம் இங்கேயே, மிஸியை நம்பிப் பெற்றார்கள்.

எனக்கு முன் அங்கே இருந்த மருத்துவிச்சி வேலையில் கெட்டிக்காரி. ஆனால் சில வீடுகளில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். ஏன் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சாதி பார்த்தார். அந்த வீட்டுக்காரர் ஒரு சொல் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரைக் கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டார்கள். அந்த வீடுகளில் பிள்ளைகள் கிழிந்த பாயில், தேங்காய் வெட்டுகிற கத்தியோடு பிறந்தன. சில பிறந்து சில நாளில் போயின. இது தெரிந்தபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. எந்த வீட்டுக்குப் போனாலும் கொடுப்பதை மறுக்காமல் சாப்பிடுவது என்று அன்றே முடிவெடுத்தேன். பிட்டோ, கிழங்கோ, பழஞ்சோறோ, என்ன தந்தாலும் இருந்து சாப்பிட்டேன். மெல்ல மெல்ல எல்லா வீட்டுக்காரரும் ஆளனுப்பத் தொடங்கினார்கள். எனக்கு அதில் பெருமை. உடம்பிலும் அந்தப் பெருமை ஏறியது. சைக்கிள் சீட்டுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

ஆனால் மிஸிக்குச் சோறு கொடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. பிள்ளை பிறந்த கையோடு வீட்டுக்குத் துடக்கு, அதுதான் தீட்டு, வந்துவிடும். முப்பத்தொன்றாம் நாள் கழியும்வரை வெளியாட்கள் அங்கே கை நனைக்க மாட்டார்கள். வீட்டுக்காரரும் கொடுக்கக் கூசுவார்கள். ஆகவே மிஸிக்குச் சோறு போடுவதென்றால் பிள்ளை பிறப்பதற்கு முன்னரே போட்டுவிட வேண்டும். முதல் பிள்ளைக்காரியின் வீட்டில் இது ஒரு பிரச்சினையே இல்லை. வலி நாள் முழுக்க இழுக்கும். மூன்று வேளையும் சாப்பிடலாம். கெதியாகப் பெறுகிறவளின் வீட்டில்தான் கஷ்டம். நான் போய்ச் சேர்ந்து கை கழுவுவதற்குள் பிள்ளை வந்துவிடும். பிறகு சட்டியில் சோறு இருந்தாலும் அது துடக்குச் சோறு.

பரமேஸ் கெதியாகப் பெறுகிறவள். நெடிய, மெலிந்த பெண். வாய் ஓயாது, கையும் ஓயாது. நான் அந்தப் பக்கத்தில் சாப்பிட்ட சாப்பாடுகளில் அவளுடைய சாப்பாடுதான் முதலிடம். கறியை நாக்கில் வைத்து உப்புப் பார்க்க மாட்டாள். ஆவி முகத்தில் படும்போதே உப்புக் காணுமோ, போதாதோ என்று சொல்லிவிடுவாள். அவளுடைய புருஷன் சின்னராசா அதிகம் பேசாத மனுஷன். அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதே தன் வேலை என்று இருப்பவர்.

அவளுடைய முதல் பிள்ளை தாய்வீட்டில் பிறந்தது. ஒரு பகலும் இரவும் வலி தின்றாளாம். இரண்டாவதை நான் பார்த்தேன். காலையில் போனேன், மத்தியானம் சாப்பிட்டேன், பின்னேரம் பிள்ளை. மூன்றாவது அதைவிடக் கெதி. பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்து ஓடினேன். நாலாவதுக்கு நான் சைக்கிளைப் படலையில் சாத்தும்போதே பிள்ளை அழும் சத்தம் கேட்டது. பக்கத்துக் காணியில் இருந்த அன்னம்மா அக்கா பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றார். அடுப்பில் உலை அப்போதுதான் கொதித்துக்கொண்டிருந்தது.

அன்று நான் கொடியை வெட்டி, தாயையும் பிள்ளையையும் துப்புரவாக்கிவிட்டுப் புறப்பட்டபோது பரமேஸ் அழுதாள். வலிக்கு அழாதவள், வந்த மிஸியை வெறும் வயிற்றோடு அனுப்புகிறேனே என்று அழுதாள். அன்னம்மா அக்கா அவளைப் பகிடி பண்ணினார். அடுத்த பிள்ளைக்கு முதலில் உலையை வை, பிறகு வயிற்றுக்குத்தைக் கூப்பிடு என்றார். பரமேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நாங்கள் எல்லோருமே சிரித்தோம்.

ஐந்தாவது பிள்ளை மாரியில் வந்தது. அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. குளம் வான் பாய்ந்து, வாய்க்கால்கள் எல்லாம் கரை புரண்டு, சில இடங்களில் பாதை எது வயல் எது என்று தெரியவில்லை. நான் முன்னதாகவே போய் அவளைப் பார்த்தேன். கடைசிக் கிழமைகளில் கிளிநொச்சியில் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட யாராவது சொந்தக்காரர் வீட்டில் போய் இருக்கச் சொன்னேன். நாலு பிள்ளைகளையும் பால்மாட்டையும் யார் பார்ப்பது என்று கேட்டாள். உண்மையிலேயே பார்க்க ஒருவரும் இல்லை.

“இதுக்கென்ன மிஸி, தும்மிறதுக்கிடையில வந்திடும்,” என்றாள்.

மூத்த மிஸி சொன்னதை அப்படியே அவளுக்குச் சொன்னேன். கெதியாக வரும் என்று நம்பியிருக்க வேண்டாம், சுணங்கவும் கூடும், எதுவானாலும் குத்துத் தொடங்கியவுடன் ஆளனுப்ப வேண்டும் என்றேன். பிள்ளை வந்த பிறகும் ஆபத்து இருக்கிறது என்றும் சொன்னேன். பல பிள்ளை பெற்ற கர்ப்பப்பை களைத்திருக்கும். பிள்ளை வெளியே வந்த பின் அது கல்லுப்போல இறுக வேண்டும். இறுகாவிட்டால் இரத்தம் நிற்காது. எல்லாவற்றுக்கும் ஓம் மிஸி, ஓம் மிஸி என்று தலையாட்டினாள்.

சொன்னபடியே முதல் குத்துக்கு ஆளும் அனுப்பினாள். சின்னராசா விடிய வந்து கூப்பிட, நான் போனேன். இந்த முறை எப்படியும் எனக்குச் சோறு போட்டுவிட வேண்டும் என்று அவள் தயாராக இருந்தாள். வலிக்கு நடுவில் எழுந்து எழுந்து குசினிக்குள் போனாள். நான் சாப்பிட்டேன். வலி சுணங்கியது. பின்னேரம் மறுபடி சாப்பாடு வந்தது, அதையும் சாப்பிட்டேன். அதற்குள் வலி முற்றாக நின்றுவிட்டது. பொய்க்குத்து. ஐந்தாவது, ஆறாவது பிள்ளைகளில் இப்படி வந்து வந்து போகும். பரமேசுக்கு அது தெரியாது. தன்னுடைய உடம்பு தன்னைப் பொய்க்காரியாக்கிவிட்டது என்பதுபோலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புறப்படும்போது பின்பக்கம் போனேன். பிள்ளைகள் நாலும் வட்டமாக இருந்து அவித்த மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தன. கிழங்கு மட்டும்தான். அது அறுவடைக்கு முந்திய காலம். எந்தக் குடியேற்ற வீட்டிலும் நெல்மூட்டை அடி தட்டுகிற காலம். என் தட்டில் வந்தது என்ன, அவர்கள் கையில் இருந்தது என்ன என்று பார்த்தேன். பரமேசிடம் திரும்பி வந்து, பொய்க்குத்து என்றாலும் பத்துத் தரம் கூப்பிட வேண்டும், நான் வருவேன், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றேன். சாப்பாட்டைப் பற்றி வேண்டுமென்றே ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் இனிச் சாப்பிட மாட்டேன் என்று சொன்னால், அந்தச் சனத்தின் காதில் அது எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். பழைய மருத்துவிச்சி குடிக்காமல் விட்ட தண்ணீர் அங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

சில நாள் கழித்து மழை விட்ட ஒரு காலையில் அவளுக்கு உண்மையான வலி பிடித்தது. அன்று நடந்ததைப் பிறகு அன்னம்மா அக்காவும் சின்னராசாவும் ஆளுக்கொரு பாதியாகச் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. மிஸி வந்தால் என்ன கொடுப்பது என்பதுதான் அவளுடைய முதல் யோசனை. பிள்ளை கெதியாகப் பிறக்கும் என்றால், கூப்பிட்ட பிறகு சமைக்க நேரமில்லை. பிறந்த பிறகு கொடுக்க முடியாது. இந்த முறையும் பொய்க்குத்து என்றால், மிஸி நாள் முழுக்க இருப்பார். அப்போதும் சோறு வேண்டும். எந்தப் பக்கத்தால் யோசித்தாலும் முதலில் உலை வைக்க வேண்டும் என்றுதான் வந்தது. சின்னராசாவிடம், வாய்க்காலில் மீன் ஏறியிருக்கும், கரப்புக்கூடையைக் கொண்டுபோய்க் கொஞ்சம் பிடித்து வாருங்கோ, நல்ல கறி வைத்துக் கனநாளாயிற்று என்றாள். அவர் கரப்பை எடுத்துக்கொண்டு போனார். அவள் அன்னம்மா அக்காவிடம் போய் அரிசி கைமாற்று வாங்கினாள். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரியைப் பார்த்து, குத்தோ என்று அக்கா கேட்டார். இல்லை, இடுப்பு நாரி நோகிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

மீன் வந்தது. அவளே வெட்டினாள், அவளே கறி வைத்தாள். சோற்றை வடித்து, மூடி, குசினி மூலையில் துப்புரவான இடத்தில் வைத்தாள். அதன் பிறகுதான் சின்னராசாவைக் கூப்பிட்டு, இனி மிஸியைக் கூட்டி வாருங்கோ என்றாள்.

அவர் என் படலையில் வந்து நின்றபோது மத்தியானம் திரும்பிவிட்டது. நான் பையை எடுத்துக்கொண்டு உடனே ஏறினேன். வாய்க்கால் பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடியது. சைக்கிள்களைத் தோளில் தூக்கிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் அவர் முன்னால், நான் பின்னால் நடந்தோம். எப்போது தொடங்கியது என்று கேட்டேன். இப்போதுதான் என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து, நஞ்சுக்கொடியும் விழுந்திருந்தது. பெண்பிள்ளை. அன்னம்மா அக்காவின் மடியில் நல்ல குரலோடு அழுதது. பரமேஸ் பாயில் கிடந்தாள். பாயைப் பார்த்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது. வயிற்றில் கை வைத்தேன். கல்லுப்போல இருக்க வேண்டியது குழைத்த மாவைப்போல இருந்தது.

சின்னராசா அவளைத் தூக்கி வண்டியில் போட்டுக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோவோம் என்றார். பிள்ளைகளே, உங்களுக்கும் இந்த நேரம் வரும். வீட்டில் எல்லோரும் ஓடு ஓடு என்பார்கள். ஓடுவது ஏதோ செய்வதுபோல இருக்கும். ஆனால் அந்தப் பாதையில், அந்தத் தண்ணீரில், மாட்டுவண்டி குலுங்கக் குலுங்க அவளைக் கொண்டுபோயிருந்தால் முதல் பாலத்திலேயே முடிந்திருக்கும். இரத்தம் போகும்போது உன் கைதான் ஆஸ்பத்திரி என்று மூத்த மிஸி சொல்லித் தந்திருந்தார். நான் கையை எடுக்கவில்லை. முரசுமோட்டைச் சந்தியில் ஒரு டிராக்டர் நிற்கும், அதைக் கொண்டுவாருங்கோ என்று சின்னராசாவை அனுப்பினேன். வயிற்றை உருட்டிப் பிசைந்து இறுக்கினேன். என்னிடம் இருந்த மருந்தைக் கொடுத்தேன். பிள்ளையை வாங்கி மார்பில் போட்டேன். பிள்ளை உறிஞ்சினால் கர்ப்பப்பை இறுகும். இறுகியது. இரத்தம் குறைந்தது. வென்றுவிட்டேன் என்றே நம்பினேன்.

அப்போதுதான் அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். குரல் மெலிந்து போயிருந்தது. நான் குனிந்து கேட்டேன்.

“சோறு வடிச்சு வைச்சிருக்கு மிஸி. பிள்ளை பிறக்க முதலே வடிச்சது. அதில துடக்கில்லை.”

சாப்பிடுகிறேன், நீங்கள் கதைக்காமல் படுங்கோ என்றேன். அதைக் கேட்டு அவளுக்குத் திருப்தியாக இருந்தது. அதை முகத்தில் கண்டேன். கொஞ்ச நேரத்தில் என் கைக்குக் கீழே அந்த இறுக்கம் விட்டது. மறுபடி பிசைந்தேன். மறுபடி இறுகி, மறுபடி விட்டது. வாய்க்காலுக்கு அப்பால் டிராக்டரின் சத்தம் கேட்டது. அது தண்ணீரைக் கடந்து படலைக்கு வருவதற்குள் பரமேஸ் போய்விட்டாள்.

காலையிலேயே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்பீர்கள். பிழைத்திருப்பாள் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. பிள்ளை வெளியே வந்த அந்த நிமிடத்தில் என் கை அங்கே இருந்திருக்கும் என்று மட்டும் சொல்லுவேன். அந்தக் குழந்தையைப் புளியங்குளத்தில் இருந்த சின்னராசாவின் தமக்கை கொண்டுபோய் வளர்த்தார். நன்றாக வளர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

இனி உங்களில் ஒருத்தி கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு பிள்ளையும் முந்தியதைவிடக் கெதியாகப் பிறக்குமா? பிறக்கலாம். பிறக்காமலும் விடலாம். நேரக்கணக்கு மட்டும் சொல்லாதே. கெதியாக வரும் என்று ஒரு வீடு நம்பிவிட்டால், சமையல், மாடு, வயல் எல்லாவற்றையும் அந்த நம்பிக்கையைச் சுற்றி ஒழுங்குபடுத்திவிடும். நாங்கள் அதைக் காணமாட்டோம். பிள்ளை எப்போது வரும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். வந்த பிறகு தாயின் பக்கத்தில் யார் இருப்பது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதை நீ கேள். தாய் தலையாட்டினால் மட்டும் போதாது. புருஷனையும் பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லு.

அடுத்தது உங்களுடைய சாப்பாடு. சிரிக்காதேயுங்கள். பரமேசுக்குப் பிறகு நான் பையில் கத்தரிக்கோலோடு ஒரு சோற்றுப் பார்சலும் கொண்டுபோனேன். வீட்டுக்குள் கால் வைத்தவுடன் எல்லோரும் பார்க்க அதை எடுத்து மேசையில் வைப்பேன். முதல் வீட்டில் அவர்களுடைய முகம் கறுத்தது. எங்கட வீட்டில வாய் நனைக்க மாட்டியளோ என்று அந்த வீட்டு மனுஷி கேட்டே விட்டார். நனைப்பேன், பிள்ளை பிறந்த பிறகு நனைப்பேன் என்றேன். சொன்னபடியே பிள்ளை பிறந்த பிறகு, துடக்கு வீட்டில், அவர்களுடைய கையால் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பிறகு எல்லா வீட்டிலும் அதுவே வழக்கமாயிற்று. துடக்கு வீட்டில் குடிக்கிற மிஸி என்று எனக்குப் பெயர் வந்தது. சிலர் பழிப்பாகச் சொன்னார்கள். சொல்லட்டும் என்று விட்டேன்; சோறு வைத்துவிட்டுக் கூப்பிடுவோம் என்று அதன் பிறகு ஒரு வீட்டிலும் சுணங்கவில்லை.

துடக்கு வீட்டில் நான் முதன்முதலாகச் சாப்பிட்டது பரமேசின் வீட்டில்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவளைத் துப்புரவாக்கி, வெள்ளைச் சேலையால் மூடிவிட்டுக் கிணற்றடியில் கை கழுவினேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அழத் தொடங்கியிருந்தார்கள். செத்த வீட்டில் சமைத்தது இருக்கக் கூடாது என்று அன்னம்மா அக்கா குசினிக்குள் போய்ச் சோற்றுப்பானையையும் கறிச்சட்டியையும் பின்வளவில் கொட்டுவதற்குத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“கொட்டாதேங்கோ அக்கா. எனக்குப் போடுங்கோ,” என்றேன்.

அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பிறந்த துடக்கும் இறந்த துடக்கும் ஒன்றாக விழுந்த வீடு. அக்கா தட்டில் போட்டுத் தந்தார். நான் குசினி வாசற்படியில் இருந்தேன். சின்னராசா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். அவர் உடுத்திருந்த சாரம் இன்னும் காயவில்லை.

“நான் மீன் புடிச்சுக்கொண்டு நிண்டனான் மிஸி. அவளுக்குக் குத்து, நான் மீன் புடிச்சுக்கொண்டு நிண்டனான்.”

“அவா உங்களுக்குச் சொல்லேல்லை. சொல்லாததுக்கு நீங்கள் என்ன செய்யிறது. இருங்கோ,” என்றேன். அவர் இருக்கவில்லை. நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சோறு நல்ல பதம். மீன்கறியைப் பிசைந்து முதல் வாய் வைத்தேன். கறியில் உப்பு இல்லை. குறைவு என்றில்லை, உப்பே போடவில்லை. ஆவியிலேயே உப்புப் பார்க்கிறவள் மறந்திருக்கிறாள். அடுப்படியில் நின்றபோதே அவளுக்கு எவ்வளவு வலி என்று அப்போது எனக்குத் தெரிந்தது. நான் உப்புக் கேட்கவில்லை. தட்டில் இருந்ததை மிச்சம் விடாமல் அப்படியே சாப்பிட்டு முடித்தேன்.